உறைபனி மாதங்களில் உரக்குவியல்: மலையில் இருப்பவர்கள் தோட்ட மண்ணைத் தயார் செய்வது எப்படி?

டிசம்பர் மாதம், காலை ஆறரை மணி. கதவைத் திறந்தால் முற்றத்துப் புல்வெளி முழுக்க உப்பைத் தூவியது மாதிரி வெள்ளையாக இருக்கிறது. காய்கறித் தோலைப் போடுகிற உரக்குவியல் மேலேயும் அதே வெள்ளைதான். கையை வைத்தால் ஜில்லென்று இருக்கிறது. "சரி, இனி மார்ச் மாதம் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அன்றைக்கு மீந்த காய்கறிக் கழிவைக் குப்பை வண்டியில் போட்டுவிடுகிறோம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் பல வீடுகளில் நடப்பது இதுதான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்க. வீட்டில் நாளொன்றுக்கு ஒரு கிலோ மக்கும் கழிவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். டிசம்பர் முதல் மார்ச் வரை நான்கு மாதத்தில் அது 120 கிலோ. அதைக் குப்பை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஏப்ரலில் கார்போகத்துக்கு விதை போடும்போது தொழு உரத்தை மூட்டைக் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறோம். சமவெளியில் இருந்து அந்த மூட்டை மலையேறி வருகிற வாடகையும் நம் தலையில்தான்.

சமவெளிக்காரர்களுக்கு எழுதிய உரம் தயாரிக்கும் குறிப்புகள் இணையத்தில் நிறையவே கிடைக்கும். அவற்றை அப்படியே மலையில் செய்தால் பாதி பலிக்காது. வெளிநாட்டு வீடியோக்களோ நேர் எதிராக, மூன்று மாதம் பனிக்கட்டிக்கு அடியில் கிடக்கும் தோட்டத்தைக் காட்டும். அதுவும் நம் ஊருக்குப் பொருந்தாது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியின் குளிர் வேறு மாதிரி. அதைப் புரிந்துகொண்டால் வேலை பாதி முடிந்த மாதிரி.

நம்ம ஊர்க் குளிர் எப்படிப்பட்டது?

உறைபனி விழும் இரவு பெரும்பாலும் மேகமே இல்லாத, காற்று அசையாத இரவாக இருக்கும். பகலில் வாங்கிய சூட்டை நிலம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. தடுக்க மேகப் போர்வை இல்லை. விடியும் நேரத்தில் தரையை ஒட்டிய வெப்பநிலை பூஜ்யத்துக்குப் பக்கத்தில், சில இடங்களில் அதற்கும் கீழே போய்விடும். ஆனால் சூரியன் வந்து இரண்டு மணி நேரத்தில் பனி கரைந்து, மதியம் ஸ்வெட்டரைக் கழற்றுகிற அளவுக்கு வெயில் அடிக்கும். அதாவது நம் மண் உறைந்தே கிடப்பதில்லை. மேல்தோல்தான் சில மணி நேரம் உறைகிறது. ஒரு அடி ஆழத்தில் இருக்கும் மண்ணுக்கு மேலே பனி விழுந்த சேதியே தெரியாது.

இன்னொரு விஷயம். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கி நிற்கும். அதனால்தான் தலைக்குந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும்போது, கொஞ்சம் மேலே சரிவில் இருக்கும் வீட்டில் வெறும் ஈரப்பனியோடு போய்விடுகிறது. உங்கள் வீட்டுத் தோட்டத்துக்குள்ளேயே இந்த வித்தியாசம் இருக்கும். இரண்டு மூன்று நாள் விடியற்காலையில் செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைங்க. எந்த மூலையில் வெள்ளை அதிகம், எந்த மூலையில் வெயில் முதலில் விழுகிறது என்று தெரிந்துவிடும். வெயில் முதலில் விழும் மூலைதான் உரக்குவியலுக்கான இடம். சுவரை ஒட்டி, கிழக்கோ தென்கிழக்கோ பார்த்த மாதிரி இருந்தால் ரொம்ப நல்லது.

குவியல் ஏன் சூடாகிறது, ஏன் ஆறிப்போகிறது?

மக்குவது என்பது நுண்ணுயிர்கள் சாப்பிடுவது. அவை சாப்பிடும்போது சூடு வருகிறது. நன்றாக அமைந்த குவியலின் நடுப்பகுதி 55 முதல் 65 டிகிரி வரை போகும். கையை வைத்தால் சட்டென்று எடுத்துவிடுவீர்கள். குளிர் காலத்தில் அந்தச் சூடு உருவாவது நின்றுவிடுவதில்லை. உருவாகிற சூட்டைவிட வெளியே போகிற சூடு அதிகமாகிவிடுகிறது, அவ்வளவுதான்.

ஒரு டம்ளர் காபி பத்து நிமிடத்தில் ஆறிவிடும். ஒரு அண்டா சாம்பார் இரண்டு மணி நேரம் ஆனாலும் சூடாகவே இருக்கும். குவியலும் அப்படித்தான். சமவெளியில் சின்ன மண்பானையில் கூட உரம் ஆகிவிடுகிறது, சுற்றியுள்ள காற்றே 30 டிகிரி. மலையில் பனிக்காலத்தில் குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைந்தது ஒரு மீட்டர் இருந்தால்தான் நடுவில் சூடு நிற்கும். எனவே டிசம்பர் பிறந்தபிறகு தினம் ஒரு கைப்பிடி போட்டுக் குவியலைத் தொடங்குவதில் பிரயோஜனம் இல்லை. அக்டோபரிலேயே காய்ந்த இலை, களை, அறுவடைக் கழிவு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மூச்சில் பெரிய குவியலாக அடித்துவிட வேண்டும். பிறகு தினசரிச் சமையலறைக் கழிவை அதன் வயிற்றில் குழி தோண்டிப் புதைத்துக்கொண்டே வரலாம்.

இவ்வளவு இடம் இல்லையா? 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் போதும். ஆனால் அதில் சூடான உரம் எதிர்பார்க்காதீங்க. அது மெதுவாக, ஐந்தாறு மாதத்தில் மக்கும். பக்கவாட்டிலும் அடியிலும் ஓட்டை போட்டு, வெளியே இரண்டு மூன்று கோணிப்பையைச் சுற்றிக் கட்டி, வெயில் படும் இடத்தில் செங்கல் மேல் ஏற்றி வைத்தால் ஓரளவு வேகம் கூடும். அக்கம்பக்கத்தில் நான்கு வீடு சேர்ந்து ஒரே குவியல் போடுவது இதைவிடப் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. நான்கு டிரம் சேர்ந்தாலும் ஒரு குவியலின் சூடு வராது.

எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது?

பச்சைச் சரக்கு, காய்ந்த சரக்கு என்று இரண்டு வகை. காய்கறித் தோல், டீத்தூள், புல், பச்சை மாட்டுச்சாணம் எல்லாம் பச்சைச் சரக்கு. நுண்ணுயிருக்குத் தேவையான தழைச்சத்து அதில் இருக்கிறது. காய்ந்த இலை, வைக்கோல், அட்டைப்பெட்டி, மரத்தூள் காய்ந்த சரக்கு, அதில் கரிமச்சத்து. தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கரிமச்சத்து 25 முதல் 30 பங்கு இருக்க வேண்டும் என்பது கணக்கு. வீட்டில் தராசு வைத்து அளக்க வேண்டாம். ஒரு பக்கெட் சமையலறைக் கழிவுக்கு இரண்டு பக்கெட் காய்ந்த இலை என்று போட்டால் ஏறக்குறைய சரியாக வரும். மரத்தூள் மட்டும் ஜாக்கிரதை. அதில் கரிமம் மிக மிக அதிகம். நிறையக் கொட்டினால் குவியல் அசையாமல் உட்கார்ந்துவிடும்.

மலையில் கிடைக்கும் இலை எல்லாம் ஒன்றல்ல. கற்பூர மர இலை, அதாவது யூகலிப்டஸ், எண்ணெய்ச் சத்து உள்ளது, மக்க நாளாகும். பைன் ஊசியும் அப்படியே. இவற்றைக் குவியலில் கொஞ்சமாகக் கலந்துவிட்டு, மீதியைப் பாத்திகளுக்கு நடுவே நடைபாதையில் பரப்புங்க. சில்வர் ஓக் இலை காய்ந்ததும் தோல் மாதிரி கெட்டியாக இருக்கும். கையால் நொறுக்கியோ காலால் மிதித்தோ போட்டால் சீக்கிரம் மக்கும். சீகை மரம் பயறு வகைக் குடும்பம் என்பதால் அதன் பச்சை இலையில் தழைச்சத்து உண்டு. தடிமனான பட்டையை மட்டும் தவிருங்க.

இந்த இலைகளை எப்போது சேர்ப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறோம். வடகிழக்குப் பருவமழை பிடித்த பிறகு இலை எல்லாம் நனைந்து ஒட்டிப் போய்விடும். மழைக்கு முன்னால் நாலைந்து கோணியில் அமுக்கிக் கட்டி, தாழ்வாரத்தில் போட்டு வைத்தால் பனிக்காலம் முழுக்கக் கைக்கு எட்டும் தூரத்தில் காய்ந்த சரக்கு இருக்கும். இலையைக் கூட்டிக் கொளுத்தும் பழக்கம் இன்னும் போகவில்லை. அசையாத குளிர் காற்றில் அந்தப் புகை மேலே போகாது. நம் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவிலேயே சுற்றும்.

விறகடுப்பு, கணப்புச் சாம்பல் உள்ளவர்கள் அதை வீணாக்க வேண்டாம். சாம்பலில் சாம்பல்சத்து இருக்கிறது, புளித்த மண்ணின் புளிப்பையும் கொஞ்சம் குறைக்கும். வாரத்துக்கு இரண்டு கைப்பிடி தூவினால் போதும், அள்ளிக் கொட்டக் கூடாது. சாம்பலை இரண்டு நாளாவது தகர டப்பாவில் ஆறவிடணும். மேலே ஆறியது போலத் தெரியும் சாம்பலுக்குள் கங்கு இருக்கும். காய்ந்த இலைக் கோணியின் பக்கத்தில் அதைக் கொட்டினால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

போடவே கூடாதவை என்று பார்த்தால், முதலில் நோய் பிடித்த செடி. கருகல் நோய் வந்த உருளைக்கிழங்குத் தண்டு, வேரில் முண்டு முண்டாக வீங்கிய முட்டைக்கோஸ், இவை இரண்டையும் எக்காரணம் கொண்டும் குவியலில் சேர்க்காதீங்க. 55 டிகிரிக்கு மேல் தொடர்ந்து மூன்று நாளாவது நின்றால்தான் நோய்க்கிருமியும் களை விதையும் சாகும். பனிக்கால வீட்டுக் குவியலின் ஓரங்கள் அந்தச் சூட்டைத் தொடுவதே இல்லை.

இரண்டாவது, உருளைக்கிழங்கு வயல் மண். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிங்க. உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு இந்தியாவில் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நம் ஊட்டியில்தான், 1961-இல். கடுகு அளவுகூட இல்லாத அதன் கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். பயிர் இல்லாவிட்டாலும் பல ஆண்டுகள் மண்ணுக்குள் உயிரோடு காத்திருக்கும். அது தானாக நடந்து ஊர் விட்டு ஊர் போவதில்லை; மண்ணோடு, கிழங்கோடு, மண்வெட்டியோடு, நம் செருப்போடுதான் போகிறது. "வயல் மண் நல்ல மண்" என்று நம்பி ஒரு மூட்டை வாங்கிப் பாத்தியில் கொட்டுகிறவர்கள், அதோடு எதை வாங்குகிறோம் என்பதை யோசிக்கணும். வயலில் பிடுங்கிய உருளைக்கிழங்கு வேரும், அதில் ஒட்டியிருக்கும் மண்ணும் உரக்குவியலுக்கு வேண்டாம்.

கரடிக்கு விருந்து வைக்காதீங்க

சமவெளி வாசகர்களுக்கு இந்தப் பகுதி வேடிக்கையாகத் தெரியலாம். மலையில் இருப்பவர்களுக்கு இதுதான் முக்கியமான பகுதி.

நீலகிரியில் கரடியும் காட்டெருமையும் குடியிருப்புக்குள் வருவது இன்று புதுச் செய்தி இல்லை. கரடிக்கு மோப்பம் அபாரம். பழுத்த வாழைப்பழத் தோல், பலாச் சக்கை, எண்ணெய் ஊறிய சாப்பாடு, மீன் செதில் இவை திறந்த குவியலில் கிடந்தால் ஒருநாள் இரவு வரும். வந்து கிடைத்துவிட்டால் மறுநாளும் வரும். பிறகு குவியலோடு நிற்காது. சமையலறைக் கதவைத் தட்டும். அதன் பிறகு அந்தக் கரடியைக் கூண்டு வைத்துப் பிடிக்கும் நிலை வரும், அதற்கு முன்னால் விடியற்காலையில் பால் வாங்கப் போகும் யாராவது அதன் எதிரில் போய் நிற்கவும் வாய்ப்பு உண்டு. ஒரு வீட்டின் உரக்குவியல் ஒரு தெருவின் பிரச்சினை ஆகிவிடும்.

எனவே காட்டை ஒட்டிய வீடுகளில் இறைச்சி, மீன், சமைத்த சோறு, எண்ணெய்ப் பண்டம், பழக் கழிவு இவற்றைத் திறந்த குவியலில் போடவே கூடாது. பழத்தோலும் சோறும் மூடி போட்டு இறுக்கும் டிரம்முக்குள் போகட்டும். அந்த டிரம் பூட்டும் கொட்டகைக்குள் இருக்கட்டும். சிலர் பாத்திக்குள்ளேயே ஒன்றரை அடி தோண்டிக் கழிவைப் புதைத்து மண்ணை மூடுவார்கள். மண்ணுக்கு நல்ல முறைதான், ஆனால் மதில் சுவரோ உறுதியான வேலியோ இல்லாத இடத்தில் காட்டுப்பன்றி இரவோடு இரவாக உழுது போட்டுவிடும். அதற்காக வேலியில் வீட்டு மின்சாரத்தைக் கொடுப்பது சட்டப்படி குற்றம். மனிதரும் அதில் செத்துப் போவார்கள். கரடி நடமாட்டம் தெரிந்தால் கூட்டம் கூடி விரட்டாமல் வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்க. எண்ணை இப்போதே போனில் பதிந்து வைப்பது நல்லது, இரவு பதினொரு மணிக்குத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

டிசம்பர், ஜனவரியில் என்ன வேலை?

கோடையில் வாரம் ஒருமுறை குவியலைக் கிளறச் சொல்வோம். பனிக்காலத்தில் அதைச் செய்யாதீங்க. கிளறும் ஒவ்வொரு முறையும் உள்ளே சேர்ந்த சூடு ஆவியாகப் பறந்துவிடும். திரும்பச் சூடேற ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் நல்ல வெயில் அடிக்கும் மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிக்குள் ஒருமுறை புரட்டினால் போதும். நடுவில் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவில் செருகி வையுங்க. பத்து நிமிடம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்க. வெதுவெதுப்பாக இருந்தால் எல்லாம் சரி. சில்லென்று இருந்தால் பச்சைச் சரக்கோ ஈரமோ போதவில்லை, அல்லது குவியல் சின்னது.

மேலே ஒரு முழம் உயரத்துக்குக் காய்ந்த இலையோ வைக்கோலோ போர்வை. அதன் மேல் பழைய கோணி. மழை பெய்கிற நவம்பரில் மட்டும் தார்ப்பாய் போடலாம், பக்கவாட்டில் காற்று போக வழி விட்டு. தார்ப்பாயை இறுக்கிக் கட்டி மாதக்கணக்கில் அப்படியே விட்டால் உள்ளே காற்றில்லாமல் அழுகும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அதுதான் அறிகுறி. காய்ந்த இலையைக் கலந்து ஒருமுறை புரட்டுங்க. மூக்கைத் துளைக்கிற நெடி, மாட்டுக் கொட்டகை வாடை மாதிரி வந்தால் பச்சைச் சரக்கு அதிகம். அதற்கும் மருந்து காய்ந்த இலைதான்.

ஜனவரி பிறந்தால் எதிர்மாறான பிரச்சினை. மழை நின்று, காற்று வறண்டு, குவியல் உள்ளே காய்ந்துபோகும். மேலே விழும் பனியைப் பார்த்து ஈரம் இருக்கிறது என்று ஏமாந்துவிடுவோம். நடுவில் இருந்து ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்க. ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரியான ஈரம். வழிந்தால் அதிகம். ஒன்றும் வராமல் உதிர்ந்தால் மதிய நேரத்தில், வெயிலில் வைத்த தண்ணீரைத் தெளியுங்க. பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீர் வேண்டாம்.

ஒருவேளை மேல் அடுக்கு நிஜமாகவே உறைந்து கெட்டியாகிவிட்டால்? பயப்பட ஒன்றுமில்லை, தூக்கி எறியவும் வேண்டாம். காய்கறித் தோலுக்குள் இருக்கும் நீர் உறையும்போது அதன் செல் சுவர்கள் உடைகின்றன. பனி கரைந்ததும் அது கொழகொழவென்று ஆகி, நுண்ணுயிருக்கு இன்னும் எளிதான சாப்பாடாகிவிடும்.

"உரம் சீக்கிரம் ஆகும்" என்று விற்கும் பொடிகள் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். குளிரில் நுண்ணுயிர் இல்லாதது பிரச்சினை அல்ல, சூடு இல்லாததுதான் பிரச்சினை. பழைய உரத்தில் இரண்டு கூடையும், கரைத்த சாணம் ஒரு வாளியும் போட்டாலே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வந்து சேர்ந்துவிடும். பொடிக்குச் செலவு செய்யும் காசில் ஒரு கட்டு வைக்கோல் வாங்கிப் போர்த்துவது மேல்.

மண்புழு உரம் செய்கிறவர்கள் எந்தப் புழு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்க. தமிழகத்தில் பரவலாகக் கிடைக்கும் ஆப்பிரிக்க மண்புழு வெப்பநாட்டுப் பிராணி. உறைபனி இரவில் தொட்டி வெளியே இருந்தால் கூட்டமாகச் செத்துப்போகும். சிவப்பு நிறச் சின்னப் புழு, ஐசீனியா என்ற வகை, குளிரை நன்றாகத் தாங்கும். எதுவாக இருந்தாலும் தொட்டியைச் சமையலறைச் சுவரின் பக்கமோ மூடிய தாழ்வாரத்திலோ நகர்த்திவிட்டு, போடும் தீனியைப் பாதியாகக் குறைத்துவிடுங்க. குளிரில் அவை குறைவாகத்தான் சாப்பிடும்.

உரம் இருந்தால் போதுமா? மண் புளித்திருக்கிறதே!

மலை மண் கறுப்பாக, மெத்து மெத்தென்று இருக்கும். "எங்க மண்ணுக்கு எதுவுமே வேண்டாம்" என்று சொல்வோம். கறுப்பு நிறம் மக்குச்சத்தால் வந்தது உண்மைதான். குளிரில் மக்கு மெதுவாகச் சிதைவதால் அது சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஆனால் ஆண்டாண்டு காலமாகப் பெய்யும் மழை சுண்ணாம்புச் சத்தை அரித்துக்கொண்டு போய்விட்டதால் மண் புளிப்பேறி, கார அமில நிலை பல இடங்களில் 5-க்கும் கீழே இருக்கிறது. புளித்த மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் எவ்வளவு உரம் போட்டாலும் செடிக்குப் பாதிதான் போய்ச் சேரும். பீட்ரூட் பெருக்காமல் நிற்பது, முட்டைக்கோஸில் வேர் வீக்கம் வருவது இவற்றுக்குப் பின்னால் பல நேரம் இந்தப் புளிப்பு இருக்கிறது.

அதனால் பனிக்காலத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை மண் பரிசோதனை. பாத்திகள் காலியாக இருக்கும் நேரம், ஆய்வகத்துக்கும் சேர்த்து நிதானமாகச் செய்யலாம். தோட்டத்தில் ஐந்தாறு இடத்தில் மேலே கிடக்கும் இலையைத் தள்ளிவிட்டு, ஆங்கில 'வி' எழுத்து மாதிரி 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகச் சுரண்டி எடுங்க. உரக்குவியல் பக்கத்திலும், மரத்தடியிலும், வரப்பிலும் எடுக்கக் கூடாது. எல்லாவற்றையும் கலந்து, நிழலில் உலர்த்தி, வட்டமாகப் பரப்பி நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கை நீக்கிக்கொண்டே வந்து அரைக் கிலோவாக்குங்க. துணிப்பையில் போட்டு, பெயர், முகவரி, சர்வே எண், அடுத்து போடப்போகும் பயிர் எழுதிய சீட்டை வைத்து அரசு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துவிடலாம். உரம் வந்த பழைய சாக்கில் மண்ணைப் போட்டுக் கொண்டு போகாதீங்க, முடிவே தப்பாகிவிடும்.

அறிக்கையில் சொன்ன அளவுக்கு டாலமைட்டோ சுண்ணாம்போ போட்டுக் கொத்திவிட்டு, குறைந்தது மூன்று நான்கு வாரம் கழித்து உரம் போடுங்க. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் சுண்ணாம்பு பட்டுச் சாணத்தில் இருக்கும் தழைச்சத்து அமோனியாவாகப் பறந்துவிடும். இதனால்தான் சுண்ணாம்பு டிசம்பர், ஜனவரியிலும் உரம் மார்ச்சிலும் என்று காலத்தைப் பிரித்துக்கொள்வது வசதி.

காலியான பாத்தியை வெறுமனே விடாமல் இலையோ களையோ போட்டு மூடி வைங்க. செடி நிற்கும் பாத்தியில் மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு, பலருக்கும் தெரியாதது. மூடாக்கு இருந்தால் பகல் சூடு மண்ணுக்குள் போகாது, இரவில் மண் சூடு மேலேயும் வராது. அதனால் மூடாக்கு போட்ட பாத்தியில் நிற்கும் இளநாற்றின் இலைமேல் பனி அதிகம் விழும். உறைபனி எதிர்பார்க்கும் நாளில் நாற்றைச் சுற்றி மூடாக்கை ஒதுக்கி, மதியமே மண்ணை நனைத்து வைங்க. ஈரமண் பகல் சூட்டை அதிகம் பிடித்து வைத்து இரவில் செடிக்குக் கொடுக்கும். மாலையில் இலையைத் தொடாதபடி மிலார் செடியோ துணியோ மூடி, காலையில் எடுத்துவிடணும். ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் அலங்காரச் செடிகளுக்கு மிலார் போர்த்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே வேலைதான்.

செல்போனில் என்ன கிடைக்கும்?

எந்த இரவில் பனி விழும் என்று ஊகிக்க 'மேகதூத்' செயலி உதவும். இந்திய வானிலை ஆய்வுத் துறை தரும் மாவட்ட வேளாண் வானிலை ஆலோசனை அதில் செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் தமிழிலேயே வரும். வானம் தெளிவு, குறைந்தபட்ச வெப்பநிலை 4, 5 டிகிரி என்று போட்டிருந்தால் பள்ளத்தில் இருக்கிறவர்கள் உறைபனிக்குத் தயாராகிவிடணும். ஏனென்றால் அந்த அளவு தரைக்கு மேலே வைத்த கருவியில் எடுத்தது. புல் மட்டத்தில் அதைவிடக் குறைவாக இருக்கும்.

தமிழக அரசின் 'உழவன்' செயலியில் மானியத் திட்டங்கள், வானிலை, உங்கள் பகுதிக்கு வரும் அலுவலர் விவரம் எல்லாம் இருக்கிறது. 'தமிழ் மண்வளம்' இணைய முகப்பில் சர்வே எண்ணைக் கொடுத்து நிலத்தின் மண்வள விவரத்தைப் பார்க்கலாம். வீட்டுத் தோட்டத்துக்கு அது பொதுவான ஒரு படம்தான், உங்கள் பாத்தி மண்ணைத் தனியாகப் பரிசோதிப்பதற்கு ஈடாகாது. போனில் பேசிக் கேட்க வேண்டும் என்றால் கிசான் அழைப்பு மையம் 1800-180-1551, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். குன்னூரில் உபாசி வேளாண் அறிவியல் மையமும், ஊட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. வேர் வீங்கிய செடியோ வாடிய உருளைக்கிழங்கோ இருந்தால் போட்டோ எடுத்துக்கொண்டு போங்க. செடியையே தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போக வேண்டாம், காரணம் மேலேயே சொல்லிவிட்டேன்.

வீட்டில் உரம் செய்ய முடியாதவர்கள் மக்கும் கழிவைத் தனியாகப் பிரித்துத் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்க. உள்ளாட்சியின் நுண் உர மையத்தில் அது உரமாகும். ஒரே ஒரு ஷாம்பு பாக்கெட் அதில் கலந்திருந்தாலும் யாரோ ஒருவர் விடியற்காலைக் குளிரில் கையை விட்டு அதைப் பொறுக்கி எடுக்க வேண்டியிருக்கும்.

மார்ச்சில் உரம் ஆகிவிட்டதா என்று பார்ப்பது

நிறம் கறுப்பு, மழை பெய்த மண் வாசனை, புரட்டினாலும் திரும்பச் சூடேறுவதில்லை, போட்ட பொருள் எதுவென்று அடையாளம் தெரியவில்லை என்றால் ஏறக்குறைய ஆகிவிட்டது. முட்டை ஓடும் சில்வர் ஓக் நரம்பும் மட்டும் அப்படியே இருக்கும், அவற்றைச் சலித்து அடுத்த குவியலில் போட்டுவிடலாம்.

சந்தேகம் இருந்தால் கடுகு வைத்துப் பார்க்கலாம். ஒரு கிண்ணத்தில் உரமும் இன்னொன்றில் சாதாரண மண்ணும் எடுத்து, ஒவ்வொன்றிலும் 20 கடுகு தூவி, ஈரமாக்கி, வீட்டுக்குள் அடுப்படி ஓரம் வைங்க. வெளியே வைத்தால் குளிரில் முளைக்காமல் போய், பழியை உரத்தின் மேல் போட்டுவிடுவோம். ஒரு வாரத்தில் இரண்டிலும் ஒரே அளவு முளைத்தால் உரம் தயார். உரத்தில் மட்டும் குறைவாக முளைத்தாலோ, முளை மஞ்சளாகி நுனி கருகினாலோ இன்னும் மூன்று வாரம் விட்டுவிடுங்க. அவசரம் என்றால் அந்த அரைகுறை உரத்தை முட்டைக்கோஸ், பீன்ஸ் பாத்திக்கு மேலே பரப்பலாம். கேரட் பாத்திக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். மக்காத உரம் பட்டால் கேரட் இரண்டு கால், மூன்று கால் வைத்துப் பிளந்துகொண்டுதான் வரும்.